ஐந்து மைலுக்கு அப்பால் கட்டுச்சோறு

அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையில் வேட்டைக்காரர்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. யூகான் ஆற்றிலிருந்து வடக்கே ஆர்க்டிக் கடல் வரை, சாலையின் இருபுறமும் ஐந்து மைல் தூரத்துக்குத் துப்பாக்கி வேட்டை கூடாது. வில்லும் அம்பும் வைத்திருப்பவர் சாலையை ஒட்டியே வேட்டையாடலாம். துப்பாக்கிக்காரர் ஐந்து மைல் உள்ளே நடந்துபோக வேண்டும். மிருகம் கிடைத்தால், அதன் இறைச்சியை அதே ஐந்து மைல் முதுகில் சுமந்து வெளியே வர வேண்டும்.

ஐந்து மைல் என்பது எட்டு கிலோமீட்டர். தார்ச்சாலையில் இரண்டு மணி நேர நடை. துந்திராவில் சுமையோடு போனால் ஒரு பகல் போய்விடும். அரை ஆள் ஆழத்துக்குள்ளேயே மண் வருடம் முழுக்க உறைந்து கிடக்கிறது. கோடையில் உருகும் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்குகிறது. அந்த ஈரத்தில் பருத்திப்புல் திட்டுத் திட்டாக, முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. திட்டின்மேல் கால் வைத்தால் தலை சாய்த்துத் தள்ளிவிடும். இடுக்கில் வைத்தால் கணுக்கால் வரை சேறு. எட்டு கிலோமீட்டருக்கும் இதே கதைதான்.

எனவே அங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதைவிடச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். என்னை அழைத்துப் போனவர்கள் ஃபேர்பேங்க்ஸில் வசிக்கும் ஒரு தந்தையும் மகளும். மகள் என் அக்கா மகனோடு பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர். தந்தை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அறுபதைக் கடந்தவர். இறைச்சி சுமக்க மூன்றாவதாக ஒரு முதுகு வேண்டும் என்று கேட்டார்கள். கரிபூ மான்கள் இடம்பெயரும் நிலத்தைக் காண எனக்கு வெகுநாள் ஆசை. சரி என்றேன்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் அவர்கள் வீட்டுச் சமையலறைத் தரை முழுக்கச் சாப்பாடு பரப்பிக் கிடந்தது. நடுவில் ஒரு டிஜிட்டல் தராசு, பக்கத்தில் மகளின் நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து, அதன் கலோரியைக் கிராமால் வகுத்து எழுதிக்கொண்டே வந்தார். ஒரு கிராமுக்குச் சராசரியாக நாலரை கலோரிக்குக் குறையாத சாப்பாடு, ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு கிராம். பெருக்கினால் 3,600 கலோரி. மலையில் செலவாவது இதைவிடக் கூடுதல். பற்றாக்குறையை உடம்பு தன் சேமிப்பிலிருந்து ஈடுகட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் உணவுப் பொருள்களின் தகுதி வரிசையே மாறிவிடுகிறது. ஆப்பிளில் கிராமுக்கு அரைக் கலோரி. மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். டப்பா மீனிலும் தண்ணீர், போதாக்குறைக்குத் தகரமும் சேர்ந்த எடை. மாவும் சர்க்கரையும் நான்கை ஒட்டி நிற்கின்றன. எண்ணெயில் பொரித்துக் காய்ந்த நூடுல்ஸ் நாலரையைத் தொடுகிறது. வேர்க்கடலை வெண்ணெய் ஆறு. மெக்கடேமியா பருப்பு ஏழுக்குச் சற்று மேல். எல்லாவற்றுக்கும் உச்சியில் எண்ணெயும் நெய்யும், கிராமுக்கு ஏறக்குறைய ஒன்பது.

நான் ஊரிலிருந்து பொரிவிளங்காய் உருண்டை கொண்டுபோயிருந்தேன். வறுத்த மாவும் வெல்லப் பாகும் சேர்ந்து கல்லாக இறுகிய உருண்டை. நெடும்பயணத்துக்கென்றே நம் பாட்டிமார் கண்டுபிடித்தது. நசுங்காது, ஊசிப்போகாது, நிதானமாகக் கடித்தால் ஒரு மணி நேரம் வாயில் இருக்கும். மகள் அதை மரியாதையோடு எடைபோட்டார். கிராமுக்கு நான்குக்குப் பக்கம் வந்தது. "நல்லது. ஆனால் இது பகலில் நடக்கும்போது தின்ன. இரவுக்கு ஆகாது" என்றார். அவர் கண் நான் கொண்டுவந்திருந்த நெய்யின் மேல் விழுந்தது. காய்ச்சி வடித்த நெய்யில் நீரும் பால்திடமும் இல்லை, குளிர்பெட்டி வேண்டாம், அந்தக் குளிரில் கட்டியாக உறைந்து நிற்பதால் பையில் ஒழுகாது. இருந்ததெல்லாம் மூட்டைக்குள் போயிற்று.

இரவுச் சாப்பாடு பெரும்பாலும் உறையவைத்து உலர்த்திய பொட்டலங்கள். சமைத்த உணவை உறையவைத்து, காற்றழுத்தத்தைக் குறைத்தால் பனிக்கட்டி உருகாமலேயே ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது எடையற்ற, துளை நிறைந்த உணவு. கொதிநீர் ஊற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையின் தொலைதூர ரோந்துக்காரர்களுக்காக இந்த முறையில் உணவு தயாரானது. பிறகு அதே சரக்கு மலையேறிகளின் கைக்கு வந்தது. கடையில் வாங்கும் பொட்டலம் காற்றடைத்து உப்பியிருக்கும். மகள் ஒவ்வொன்றையும் பிரித்து, சாதாரண ஜிப் பையில் கொட்டி, ஒரு கரண்டி நெய்யும் ஒரு பிடி உலர்ந்த உருளைக்கிழங்குத் தூளும் சேர்த்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினார்.

காற்றை வெளியேற்றுவதில் அவ்வளவு அக்கறை எதற்கு என்பது கரடி டப்பாவைப் பார்த்ததும் விளங்கியது. புரூக்ஸ் மலைத்தொடருக்கு வடக்கே மரம் கிடையாது. தெற்கே காடுகளில் சாப்பாட்டு மூட்டையைக் கிளையில் கட்டித் தொங்கவிடுவார்கள். இங்கே கட்டுவதற்குக் கிளையே இல்லை. கரடியால் உடைக்க முடியாத தடித்த பிளாஸ்டிக் டப்பாவில்தான் அத்தனையும் அடங்க வேண்டும். வெறும் டப்பாவே ஒரு கிலோவுக்கு மேல். அதனால் எடை குறைந்த சாப்பாடு மட்டும் போதாது, இடமும் அடைக்கக் கூடாது. உப்பிய ரொட்டி வீட்டோடு நின்றது. அதற்குப் பதில் தட்டையான டார்ட்டியாவும் பைலட் பிரெட்டும் வந்தன. பைலட் பிரெட் என்பது உள்ளங்கை அகல, கெட்டியான வட்ட பிஸ்கட். பழைய கப்பல்களின் பிஸ்கட் வழி வந்தது. அலாஸ்காவின் எந்தக் குக்கிராமக் கடையிலும் கிடைக்கும். அதன்மேல் வேர்க்கடலை வெண்ணெய் தடவித் தின்பது அங்கே தலைமுறைப் பழக்கம்.

தந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று கேட்டார்: "மிருகம் விழுந்த பிறகு தின்ன என்ன வைத்திருக்கிறாய்?"

மகள் தனியாகக் கட்டி வைத்திருந்த இரண்டு பைகளைக் காட்டினார். சலாமி, பாலாடைக்கட்டி, மெக்கடேமியா, சாக்லேட், நெய். அடுப்பே தேவைப்படாத, கொழுப்பு நிறைந்த சாப்பாடு. மிருகம் கிடைக்கும்வரை அவற்றைத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டு விதி.

எனக்கு வியப்பாக இருந்தது. மான் கிடைத்துவிட்டால் கையில் இறைச்சி மலையாகக் குவிந்திருக்குமே, அப்போது கட்டுச்சோறு எதற்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். கேட்டேன். "அங்கே போய்ப் பாருங்கள்" என்றார் தந்தை.

ஃபேர்பேங்க்ஸிலிருந்து வடக்கே போய் டால்டனில் ஏறினோம். 1974-ல் எண்ணெய்க் குழாய் போடுவதற்காக வெட்டிய சாலை. நீளம் 414 மைல். நான்கடி விட்டமுள்ள அந்தக் குழாய் கூடவே வருகிறது. உறைந்த மண் உருகிவிடக் கூடாதென்று பல இடங்களில் அதைத் தூண்கள்மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். 115-வது மைலில் ஆர்க்டிக் வட்டம். 175-வது மைலில் கோல்ட்ஃபுட், பெட்ரோல் கிடைக்கும் இடம். அதைவிட்டால் அடுத்த 240 மைலுக்குப் பெட்ரோல் கிடையாது. பக்கத்தில் இருக்கும் வைஸ்மன் என்ற சிற்றூரில்தான் 1930-களின் தொடக்கத்தில் பாப் மார்ஷல் என்ற காட்டியல் அறிஞர் தங்கி, பெயரிடப்படாத இந்தச் சிகரங்களுக்கெல்லாம் நடந்தே போனார். வடக்கே ஒரு பள்ளத்தாக்கின் இருபுறமும் காவல் நிற்கும் இரு மலைகளுக்கு ஆர்க்டிக்கின் வாசல் என்று பெயர் வைத்தவர் அவர். இன்று அந்தப் பகுதி தேசியப் பூங்கா.

அட்டிகன் கணவாய் ஏறி மறுபக்கம் இறங்கியபோது நான் வாயடைத்துப் போனேன். ஆகஸ்ட் கடைசி. கணவாய்க்குத் தெற்கே விட்டுவந்த ஊசியிலை மரங்களில் ஒன்றுகூட இந்தப் பக்கம் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிலம் சிவந்து கிடந்தது. முழங்காலைத் தாண்டாத குள்ள பிர்ச் செடிகள் செம்பு நிறம், தரையோடு படரும் கரடிப்பழக் கொடி குங்கும நிறம், நடுநடுவே வில்லோப் புதர்களின் மஞ்சள். மறைக்க மரமோ வீடோ கம்பமோ இல்லாததால் தொலைவைக் கண்ணால் அளக்க முடியவில்லை. பக்கத்தில் இருப்பதாக நினைத்த குன்று நாள் முழுக்க நடந்தும் அங்கேயே நின்றது. இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது.

ஐந்து மைல் எல்லையைக் கருவியில் பார்த்து உறுதிசெய்துகொண்டு, ஓர் ஓடைக்கு மேலே முகாம் போட்டோம். கூடாரம் ஓரிடம், சமைக்கும் இடம் நூறு கெஜம் தள்ளி, டப்பா வேறொரு மூலை. சமையல் என்பது தண்ணீர் கொதிக்க வைப்பதுதான். அதிலும் குளிர் குறுக்கிடுகிறது. கேஸ் குப்பியில் இருக்கும் பியூட்டேன் பூஜ்ய டிகிரியை ஒட்டி ஆவியாக மறுத்துவிடும். மகள் ஒவ்வொரு இரவும் கேஸ் குப்பியைத் தூக்கப்பைக்குள் போட்டுக்கொண்டு படுத்தார். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த குப்பி கொஞ்சம் தேவலை.

சாப்பாட்டைப் பற்றி நோட்டுப் புத்தகக் கணக்கில் வராத ஒன்று அங்கே தெரிந்தது: நாக்கின் அலுப்பு. முதல் நாள் ருசித்த இனிப்புக் கட்டிகள் பிறகு தொண்டையில் இறங்கவில்லை. கலோரி எவ்வளவு இருந்தாலும் தின்ன முடியாத சாப்பாடு வெறும் பாரம்தான். உப்பும் புளிப்பும் காரமும் தேடி உடம்பு தவித்தது. என்னிடம் காய்ந்த உப்பு நார்த்தங்காய் இருந்தது, இட்லிப் பொடியும் இருந்தது. இரண்டும் எடையே இல்லாதவை. உருளைக்கிழங்குக் கூழில் நெய்விட்டு இட்லிப் பொடி தூவியதை இருவரும் விரும்பிச் சாப்பிட்டார்கள். நார்த்தங்காயை மகள் சிறு துண்டாகக் கிள்ளி வாயில் ஒதுக்கிக்கொண்டு நடந்தார். மலைக்குப் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன்: மொத்த எடையில் ஒரு கைப்பிடியை ருசிக்கென்று ஒதுக்குங்கள்.

கரிபூ வந்தபோது முதலில் கேட்டது சத்தம். நடக்கும்போது அதன் காலின் தசைநாண் எலும்பின்மேல் வழுக்கி 'டிக் டிக்' என்று ஒலிக்கும். ஒரு சிறு கூட்டம் எங்கள் ஓடையைக் கடந்து போனது. கூட்டத்தின் கடைசியில் வந்த பெரிய ஆண் மானைத் தந்தை ஒரே குண்டில் வீழ்த்தினார். அருகே போய் அதன் கழுத்தில் கை வைத்துச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கத்தியை எடுத்தார்.

அதன்பின் நடந்ததுதான் வேட்டையின் பெரும்பகுதி. அலாஸ்கா சட்டப்படி நான்கு கால் பகுதிகள், முதுகெலும்பை ஒட்டிய சதை, கழுத்து, நெஞ்சு, விலா வரைக்கும் உண்ணத்தக்க இறைச்சி எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். இறைச்சியை அங்கே விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துப் போவது குற்றம். எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் பெருமதிப்பு உண்டாயிற்று. சுடுவது ஒரு நொடி. சுட்டதற்கு உரிய கடமை நாள்கணக்கில். எலும்பு நீக்கிய சதை ஐம்பது கிலோ அளவுக்கு வந்தது. துணிப் பைகளில் போட்டு, முகாமிலிருந்து வெகுதூரத்தில், கரடி வந்தால் தொலைவிலிருந்தே தெரியும்படியான வெட்டவெளியில், வில்லோப் புதர்மேல் காற்றுப்பட வைத்தோம். வெட்டி முடிக்கையில் எங்கள் விரல்கள் மரத்துப் போயிருந்தன. ஈரமும் காற்றும் சேர்ந்து குளிர் எலும்புக்குள் இறங்கியது.

அப்போது வந்தது பசி. அதுவரை நான் அறிந்த பசி எதுவும் அதற்கு ஈடில்லை. மகள் ஒதுக்கிவைத்த பைகளில் ஒன்றை அவிழ்த்தார். சலாமியும் பாலாடைக்கட்டியும் குளிர்ந்தபடியே வாய்க்குள் போயின. அடுப்பு மூட்டும் தெம்பு ஒருவருக்கும் இல்லை. அந்தப் பை இல்லாதிருந்தால், ஐம்பது கிலோ இறைச்சிக்கு அருகிலேயே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

தந்தை கணக்கைச் சொன்னார். கரிபூவின் சதையில் கிராமுக்கு ஒன்றேகால் கலோரிதான். ஒரு நாள் உழைப்புக்கு வேண்டிய 3,600 கலோரியை அதிலிருந்து மட்டுமே எடுப்பதானால் ஆளுக்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ தின்ன வேண்டும். தின்றாலும் ஆகாது. ஓர் அளவுக்கு மேல் புரதத்தை மட்டும் கொடுத்தால் கல்லீரல் திணறும். வயிற்றுப்போக்கு, தலைவலி, தின்னத் தின்ன அடங்காத பசி. வடக்கே இதை முயல் பட்டினி என்பார்கள். முயலின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. ஆர்க்டிக்கில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஸ்டெஃபன்சன் என்ற பயணி, 1928-ல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்கள் கண்முன்னே இதைக் காட்டினார். கொழுப்பற்ற இறைச்சியை மட்டும் தின்றபோது சில நாள்களிலேயே படுத்துவிட்டார். கொழுப்பைச் சேர்த்ததும் எழுந்துகொண்டார். அதன்பின் ஓராண்டு இறைச்சியும் கொழுப்பும் மட்டுமே தின்று நலமாக இருந்தார்.

எங்களுக்கு மேற்கே, மலைத்தொடரின் நடுவே இருக்கும் அனக்டூவுக் கணவாயில் நூனமியுத் மக்கள் வாழ்கிறார்கள். கரிபூவை நம்பியே தலைமுறைகளாக மலையில் வாழ்ந்த இன்யூபியாத் பிரிவினர். நாடோடிகளாகத் திரிந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே ஊர் கட்டிக்கொண்டார்கள். தந்தை இளவயதில் அங்கே பள்ளியில் பாடம் எடுத்தவர். "அவர்கள் ஒரு மானை வெட்டும்போது முதலில் முதுகைத்தான் பார்ப்பார்கள்" என்றார். இலையுதிர்காலத் தொடக்கத்தில், இணைசேரும் பருவத்துக்கு முன், ஆண் மானின் பிட்டத்துக்கு மேலே விரற்கடை கனத்துக்கு வெண்கொழுப்பு படிந்திருக்கும். அக்டோபரில் மோதித் திரிந்தபின் அது கரைந்து, இறைச்சியும் நாற்றமெடுக்கும். ஆகவே எந்த மாதம், ஆணா பெண்ணா, எந்தப் பகுதி என்பதெல்லாம் அவர்களுக்குக் கொழுப்புக் கணக்கு. காலெலும்பை உடைத்து மஜ்ஜையை எடுப்பார்கள். கொழுப்பைக் கையால் நுரைக்க அடித்துப் பழங்களோடு கலந்து அகூதுக் செய்வார்கள். தெற்கே சமவெளி மக்கள் உலர்ந்த காட்டெருமை இறைச்சியை இடித்து, உருக்கிய கொழுப்பில் குழைத்துச் செய்த பெம்மிக்கனும் இதே அறிவின் விளைவு. கிராமையும் கலோரியையும் அளக்கும் கருவி வருவதற்கு வெகுகாலம் முன்பே தராசின் முள் எங்கே நிற்க வேண்டும் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னால் அதை நினைத்து வியக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் மானின் முதுகிலும் கொழுப்பு இருந்தது. தந்தை அதைத் தனியாக அறுத்து எடுத்திருந்தார். மறுநாள் காலை ஓடைக்கரையில் காய்ந்த வில்லோக் குச்சிகளைப் பொறுக்கிச் சிறு நெருப்பு மூட்டி, பாத்திர மூடியில் அந்தக் கொழுப்பை உருக்கி, உள்சதையைத் துண்டுபோட்டு வதக்கினார். உப்பு மட்டும். கூடவே புதர்களில் பறித்த நீலப்பழம். இத்தனை நாளும் பொட்டலத்தில் தேடிய ருசி அத்தனையும் அதில் இருந்தது.

பிறகு சுமக்கத் தொடங்கினோம். ஒரே நடையில் முடியாது. இறைச்சியை முதலில் வண்டியிலிருந்த பனிப்பெட்டிக்குச் சேர்த்துவிட்டு, முகாமைத் தூக்கத் திரும்ப வர வேண்டும். புல்திட்டுகள் வந்த வழியில் இருந்ததைவிடப் பெருத்துவிட்டது போலிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மகள் எல்லாரையும் நிறுத்தி, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தார். கால் தடுமாறத் தொடங்கியபிறகு தின்றால் தாமதம் என்பார். பொரிவிளங்காய் உருண்டைக்கு வேளை வந்தது அப்போதுதான். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நடந்தால், வெல்லம் கரைந்து இறங்கிக்கொண்டே இருந்தது. தந்தை இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஃபேர்பேங்க்ஸ் திரும்பியதும் இறைச்சியைப் பொட்டலம் கட்டி உறைபெட்டியில் அடுக்கினார்கள். பக்கத்து வீட்டு முதியவருக்கு ஒரு பங்கு போனது. மகள் கரடி டப்பாவைச் சமையலறைத் தரையில் கவிழ்த்தார். தின்னாமல் திரும்பி வந்ததை மட்டும் எடைபோட்டு எழுதினார்: இனிப்புக் கட்டிகள் பாதிக்கு மேல், ஓட்ஸ் கொஞ்சம், ஒரு பொட்டலம் காய்ந்த காய்கறி. நெய்ப் பாத்திரம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அடுத்த ஆண்டுப் பக்கத்தைத் திருப்பி, இனிப்பைப் பாதியாக்கி, கொழுப்பை ஏற்றி, கீழே நார்த்தங்காய் என்று எழுத எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.